பெட்டியில் நூறு வாட், படகில் எத்தனை?

மடக்கிக் கையில் எடுத்துச் செல்லக்கூடிய சூரியப் பலகைகள் இன்று சிறு நகரக் கடைகளிலும் கிடைக்கின்றன. விரித்தால் ஒரு பாயின் பாதி அளவு. மடக்கினால் ஒரு கைப்பெட்டி. முகாமிடுவோருக்கும் பயணிகளுக்கும் என்று வந்த இப்பலகைகளை நம் கடற்கரை ஊர்களில் மீனவர்களும் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். படகுப் பேட்டரியைத் தோளில் சுமந்துகொண்டு ஊருக்குள் சார்ஜ் கடைக்கு அலைய வேண்டாம். வெயிலே அதை நிரப்பிவிடும் என்பதுதான் கவர்ச்சி. நல்ல கருத்துதான். ஆனால் பலகையுடன் வரும் துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டிருக்கும் வாக்கியங்களை, ஒரு நூலை மதிப்பிடுவதுபோல் வரிவரியாக எடுத்து ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகிவிட்டது. அதையே இக்கட்டுரையில் செய்ய முனைகிறேன்.

முதல் குற்றச்சாட்டு என் மீதே. சென்ற ஆண்டு, தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "சார், அப்பா வள்ளத்துக்கு நூறு வாட் சோலார் வாங்கலாம்னு இருக்காங்க. வள்ளத்துல 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கு. எவ்வளவு நேரத்துல நிறையும்?" என்று கேட்டார். நான் உடனே கரும்பலகையில் எழுதினேன்: 12 × 100 = 1200 வாட்-மணி. அதை 100 வாட்டால் வகுத்தால் 12 மணி. பேட்டரி பாதிதான் காலியாகியிருக்கிறது என்றால் 6 மணி. "ஒரு நல்ல பகல் போதும்" என்றேன்.

பலகை வாங்கினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் பலகையின் பின்புறம் உள்ள சிறு பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரி நிரம்பிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்று பிரசுரம் சொல்லியிருந்தது. சில நாட்கள் இப்படியே கழிந்தன. பிறகு ஒரு நாள் நள்ளிரவு கடந்த வேளையில், வலை கடலில் கிடக்கும்போது, விளக்கு மங்கியது. சற்று நேரத்தில் திசைகாட்டும் ஜி.பி.எஸ். கருவியும் அணைந்தது. கப்பல்கள் போய்வரும் கடலில் விளக்கின்றி விடியும்வரை காத்திருந்து, வெள்ளியைப் பார்த்துக் கரை வந்து சேர்ந்தார்கள். பெரிய விபத்து ஒன்றும் நேரவில்லை. ஆனால் அவர் தந்தை என்னிடம் சொன்ன வார்த்தை இன்னும் மனத்தில் நிற்கிறது: "பச்சை லைட்டு எரிஞ்சுது சார். அதை நம்பித்தான போனோம்."

என் கணக்கில் பெருக்கல் பிழையோ வகுத்தல் பிழையோ இல்லை. பிரசுரத்திலும் அப்பட்டமான பொய் என்று எதுவும் இல்லை. பிறகு தவறு எங்கே? மாணவ நண்பர்கள் அறிந்த பாடப்புத்தக இயற்பியலைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

கடலும் சூரியப் பலகையும் பழைய நண்பர்கள்

சூரிய மின்கலம் கடலுக்கு ஒத்துவராத பொருள் என்று யாரும் எண்ண வேண்டாம். 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கனால் ஆன சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினர். தன் மீது விழும் ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்னாற்றலாக மாற்றியது. 1958-இல் வான்கார்ட்-1 என்ற செயற்கைக்கோள் அத்தகைய கலங்களுடன் விண்ணில் ஏறியது. விண்வெளிக்கு அடுத்து இக்கலங்களைத் தேடிக்கொண்ட இடங்களுள் கடலும் ஒன்று. 1960-களில் ஜப்பானியக் கலங்கரை விளக்கங்களிலும், 1970-களில் மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணற்று மேடைகளில் எச்சரிக்கை விளக்குகளை எரிக்கவும் அவை பயன்பட்டன. மிதவை விளக்குகள் பலவும் இன்று இப்படித்தான் எரிகின்றன.

அங்கெல்லாம் வெற்றி பெற்ற பலகை நம் வள்ளத்தில் ஏன் ஏமாற்ற வேண்டும்? மிதவையை அமைக்கும் பொறியாளர், ஓர் இரவில் விளக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பதை முதலில் கணக்கிடுகிறார். மேகம் மூடிய நாட்களுக்கும் சேர்த்துப் பேட்டரியைத் தேர்ந்தெடுக்கிறார். பலகை அதற்குப் பிறகுதான் வருகிறது. கடையில் வாங்கும் பலகையிலோ வரிசை தலைகீழாகிறது. முதலில் பலகை, பிறகு நம்பிக்கை, கணக்கு கடைசியில், அதுவும் விளக்கு அணைந்த பிறகு!

முதல் வாக்கியம்: "100 வாட்"

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது இதுதான். இது எந்த நிலைமையில் அளந்த எண் என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். சிலர் அதையும் போடுவதில்லை. உலகெங்கும் சூரியப் பலகைகளை ஒரே அளவுகோலில் ஒப்பிடுவதற்காக ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள். சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழ வேண்டும். கலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். அந்த ஒளி நம் ஊர் நண்பகலில் கிடைத்துவிடும். ஆனால் அந்த ஒளி விழும்போது 25 பாகையில் இருக்கும் பலகையை நம் கடற்கரையில் எங்கே காண்பது? நண்பகல் வெயிலில் பலகையின் வெப்பநிலை 60 பாகையை எட்டுவது சாதாரணம். பின்புறம் காற்று புகாதபடி படகின் மேல்தளத்தில் விரித்து வைத்தால் இன்னும் கூடும்.

சூடேறினால் என்ன ஆகும்? சிலிக்கன் கலத்தின் மின்னழுத்தம் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் குறைகிறது. 12 வோல்ட் பேட்டரிக்கென்று செய்த பலகையில் வழக்கமாக 36 கலங்கள் தொடராக இணைந்திருக்கும். 35 பாகை கூடினால் 36 × 35 × 2 மில்லி வோல்ட், அதாவது சுமார் 2.5 வோல்ட் குறையும். பெட்டியில் 18 வோல்ட் என்று போட்டிருந்தால் படகில் கிடைப்பது 15.5 வோல்ட்தான். மின்னோட்டம் மட்டும் ஏறக்குறைய மாறாமல், 5.5 ஆம்பியர் அளவிலேயே இருக்கும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 100 வாட் 85 வாட்டாகிவிட்டது.

கதை இத்துடன் முடியவில்லை. விலை குறைந்த பெட்டிகளில் உள்ள மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி, பலகையை நேராகப் பேட்டரியுடன் இணைத்தும் துண்டித்தும் வேலை செய்வது. இணைத்திருக்கும் வேளையில் பலகை தன் சொந்த 15.5 வோல்ட்டில் நிற்க முடியாது. பேட்டரியின் மின்னழுத்தத்திற்கு, சுமார் 13 வோல்ட்டுக்கு, இறங்கி வர வேண்டும். 13 × 5.5 என்பது 72 வாட் அளவே. எங்கள் கல்லூரி மாடியில் மாணவர்களோடு சேர்ந்து இந்தப் பலகையை நண்பகலில் அளந்து பார்த்தபோது கிடைத்தது 4.8 ஆம்பியர், அப்போது பேட்டரியின் மின்னழுத்தம் 12.9 வோல்ட். திறன் 62 வாட். பலகை பழுதானதன்று, ஆய்வுக்கூடத்தில் வைத்தால் பெட்டியில் போட்ட எண்ணை ஒட்டித் தந்திருக்கும்.

இங்கே வேறொரு விளம்பரத்தையும் சோதித்துவிடலாம். எம்.பி.பி.டி. என்ற விலை கூடிய கட்டுப்பாட்டுக் கருவி, மிகுதியாக உள்ள மின்னழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றித் தரும். "30 விழுக்காடு கூடுதல் மின்சாரம்" என்பார்கள். 18 வோல்ட்டையும் 13 வோல்ட்டையும் ஒப்பிட்டால் அது சரியே. சூடேறிய பலகையின் 15.5 வோல்ட்டை 13-உடன் ஒப்பிட்டாலோ மிகுதி 19 விழுக்காடுதான். கருவியின் சொந்த இழப்பைக் கழித்தால் 13 அல்லது 14 விழுக்காடு மிஞ்சும். குளிர்நாட்டு ஆதாயத்தை வெப்பநாட்டில் விற்கிறார்கள். வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கூடுதல் விலைக்கு எவ்வளவு கூடுதல் பயன் என்பதைத் தெரிந்து வாங்கலாம் என்கிறேன்.

இரண்டாம் வாக்கியம்: "ஒரே நாளில் பேட்டரியை நிரப்பும்"

நானும் இதையே சொன்னேன். வாட் என்பது ஒரு கணத்தின் அளவு; மீனவருக்கு வேண்டியது மாலைக்குள் பேட்டரியில் சேர்ந்த இருப்பு. இருப்பை ஆம்பியர்-மணியில் எண்ணுவதே எளிது. சூரியன் 12 மணி நேரம் வானில் இருந்தாலும் காலையிலும் மாலையிலும் ஒளி சாய்வாக விழுவதால் மின்னோட்டம் குறைவு. நாள் முழுவதும் விழும் ஒளியைச் சுருக்கி நண்பகல் ஒளியாகக் கணக்கிட்டால், தமிழ்நாட்டுக் கடற்கரையில் நல்ல நாளில் சுமார் 5 மணி நேரத்துக்கு ஈடாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதுவும் இல்லை.

ஆகவே, 5.5 ஆம்பியர் × 5 மணி = சுமார் 27 ஆம்பியர்-மணி. பலகையின் மேல் படியும் உப்பும், நிழலும், படகின் ஆட்டமும் சேர்ந்து இதை 24 ஆக்கிவிடும். காரீய-அமிலப் பேட்டரி தனக்குள் செலுத்திய மின்னூட்டம் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. பத்திலிருந்து பதினைந்து விழுக்காட்டைத் தன் கூலியாக எடுத்துக்கொள்ளும். முடிவில் கைக்குக் கிடைப்பது 21 ஆம்பியர்-மணி. பாதி காலியான 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 50 வேண்டும். அதாவது இரண்டரை நாள். அதுவும் அந்த இரண்டரை நாளும் ஒரு விளக்கைக்கூட எரிக்காமல் இருந்தால்.

இப்போது செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு வள்ளத்தின் ஓர் இரவுச் செலவு ஏறத்தாழ இப்படி இருக்கும். பிற படகுகளுக்கு அடையாளம் காட்டும் எல்.இ.டி. விளக்கு, 0.4 ஆம்பியர் வீதம் 12 மணிக்கு 5 ஆம்பியர்-மணி. வலை இழுக்கும்போது எரியும் பெரிய விளக்கு, 0.8 ஆம்பியர் வீதம் 5 மணிக்கு 4. ஜி.பி.எஸ். கருவியும் ஆழம் காட்டும் கருவியும் சேர்ந்து, 1 ஆம்பியர் வீதம் 10 மணிக்கு 10. வி.எச்.எஃப். வானொலி, கேட்டுக்கொண்டே இருக்க 5. பேசும்போது அது 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆகவே அவ்வப்போது பேச இன்னும் 1. மொத்தம் 25.

வரவு 21, செலவு 25. நாளொன்றுக்கு 4 ஆம்பியர்-மணி கடன். நிரம்பிய பேட்டரியுடன் தொடங்கினால் பன்னிரண்டு நாளில் பாதியாகிவிடும். முதல் வாரத்தில் எல்லாம் நன்றாக நடப்பதுபோலவே தோன்றும். பலகை வாங்கியவர் நாலு பேரிடம் அதைப் புகழ்ந்தும் சொல்லியிருப்பார். ஏமாற்றம் மெதுவாக வருவதால்தான் அதன் காரணம் யாருக்கும் புலப்படுவதில்லை. கடைசியில் பழி பேட்டரியின் மேல் விழும். பேட்டரியும் கெட்டுத்தான் போயிருக்கும். பாதி வெறுமையில் நாட்கணக்கில் கிடக்கும் காரீயத் தகடுகளில் காரீய சல்பேட் கடினப் படிகமாகப் படிந்துவிடும். பிறகு அதை எந்த மின்னேற்றமும் முழுவதுமாகக் கரைக்க இயலாது.

மூன்றாம் வாக்கியம்: "பச்சை விளக்கு எரிந்தால் பேட்டரி நிரம்பிவிட்டது"

என் மாணவரின் வீட்டு வள்ளத்தில் வரவு 21 கூட வந்து சேரவில்லை. அதற்குக் காரணம் இந்த மூன்றாம் வாக்கியம். எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுவே என்பது என் கருத்து.

கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கண்ணில்லை. பேட்டரி நிரம்பியதா என்பதை மின்னழுத்தத்தைக் கொண்டே அது ஊகிக்கிறது. மின்னேற்றும்போது 14.4 வோல்ட் வந்துவிட்டால் நிரம்பும் தறுவாய் என்று எடுத்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்குகிறது. பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால் எந்த இடத்தின் மின்னழுத்தத்தை அது அளக்கிறது? தன் முனைகளில் உள்ள மின்னழுத்தத்தை. பேட்டரியின் முனைகளில் உள்ளதை அன்று.

கையில் எடுத்துச் செல்லும் பலகைகள் பலவற்றில் இந்தக் கருவியைப் பலகையின் முதுகிலேயே பொருத்திவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. தனியாகத் தூக்க வேண்டியதில்லை. மாணவரின் வள்ளத்தில் பலகை அணியத்தில் இருந்தது. பேட்டரி பின்புறப் பெட்டியில். இடையே 8 மீட்டர் தூரம். பெட்டியோடு வந்த கம்பி எட்டாததால், வீட்டில் கிடந்த 0.75 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பியை ஒட்டுப் போட்டு நீட்டியிருந்தார்கள். போகவர 16 மீட்டர் செம்புக் கம்பி. அதன் மின்தடை சுமார் 0.37 ஓம். இனி பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதிதான்: 4.8 ஆம்பியர் × 0.37 ஓம் = சுமார் 1.8 வோல்ட். கம்பியிலேயே 1.8 வோல்ட் விழுந்துவிடுகிறது. பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும்போது பலகையின் முதுகில் உள்ள கருவி 14.4 வோல்ட் பார்க்கிறது. "நிரம்பிவிட்டது" என்று முடிவு செய்து பச்சை விளக்கைக் காட்டுகிறது. பட்டினி கிடப்பவரைப் பார்த்து, சாப்பாடு முடிந்தது என்று இலையை எடுத்துவிடுவது போன்றது இது.

இதைச் சரிசெய்ய ஒரு பைசாவும் செலவாகவில்லை என்பதுதான் வேடிக்கை. கருவியைப் பலகையிலிருந்து கழற்றிப் பேட்டரியின் அருகே வைத்தோம். அதே பலகை, அதே மெல்லிய கம்பி. இப்போது நீண்ட கம்பி கருவிக்கு முன்னால் வந்துவிட்டது. அங்கே பலகைக்கு இரண்டு மூன்று வோல்ட் மிகுதியாக இருப்பதால் 1.8 வோல்ட் இழப்பைப் பேட்டரி பெரும்பாலும் உணர்வதில்லை. பச்சை விளக்கு காலை பத்து மணிக்கு எரியவில்லை; மாலைவரையிலும் எரியவில்லை. "இப்பத்தான் அண்ணாச்சி அது உண்மை பேசுது" என்றேன் அவர் தந்தையிடம். கடும் வெயிலில் பலகையின் மின்னழுத்தம் இறங்கும்போது, பேட்டரியைக் கடைசிவரை நிரப்ப இந்த மிகுதி போதாது. அதனால் பிறகு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டார்கள். இழப்பு அரை வோல்ட்டாகக் குறைந்தது.

கருவியைப் பேட்டரியின் அருகே வைக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி பிரசுரத்தில் இருந்திருந்தால் அந்த இரவு நேர்ந்திருக்காது. இருபது மொழிகளில் நன்றி சொல்ல இடமிருந்த அந்தத் தாளில் இதற்கு இடமில்லை.

நான்காம் வாக்கியம்: "தெற்கு நோக்கிச் சாய்த்து வையுங்கள்"

இது யாருக்காக எழுதிய வாக்கியம் என்பதைக் கொஞ்சம் யோசித்தால் புரியும். லண்டன் நகரம் வடக்கு 51.5 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21-ஆம் நாள் நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். பலகையைத் தரையில் படுக்கையாக வைத்தால் நேர் ஒளியில் நான்கில் ஒரு பங்கே கிடைக்கும். ஆகவே அங்கே சாய்த்து வைப்பது மிக அவசியம். தூத்துக்குடி 8.8 பாகையில் இருக்கிறது. அதே நாள் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 58 பாகை உயரத்தில் நிற்கும். படுக்கையாக வைத்த பலகைக்கும் 85 விழுக்காடு கிடைக்கும். ஜூன் மாதத்திலோ நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அப்போது தெற்கு நோக்கிச் சாய்த்தால் நஷ்டமே.

மேலும், நங்கூரம் இட்ட படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் தெற்கு என்பது எந்தப் பக்கம்? சாய்த்து நிறுத்திய பலகை காற்றில் பாய்போல் எழும்பிக் கடலில் விழுவதற்கும் வாய்ப்புண்டு. நம் கடலில் பலகையைப் படுக்கையாக வைத்து, நான்கு மூலையிலும் கட்டி, அடியில் நான்கு விரல் இடைவெளி விட்டுக் காற்றோட்டம் கொடுப்பதே சாலச் சிறந்தது.

பிரசுரம் சாய்வைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறது. நிழலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. படகிலோ பெரிய பகை நிழல்தான். கலங்கள் தொடர் இணைப்பில் இருப்பதால் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டமே ஓட முடியும். கான்கிரீட் போடும்போது சட்டியைக் கைமாற்றும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒருவர் சோர்ந்தால் மற்ற முப்பத்தைந்து பேரின் வேகமும் அவருடைய வேகத்துக்கு இறங்கிவிடும். ஒரு கயிற்றின் நிழலோ, காய்வதற்குப் போட்ட ஒரு துண்டோ ஓரிரு கலங்களை மறைத்தாலும் பலகையின் மின்னோட்டம் வெகுவாகக் குறையும். நல்ல பலகைகளில் மாற்றுவழி டையோடுகள் வைத்திருப்பார்கள். சோர்ந்த பகுதியை விட்டு மின்னோட்டம் சுற்றிப் போகும். அப்போதும் அந்தப் பகுதியின் மின்னழுத்தம் போனது போனதுதான். சாய்வில் தேடும் 15 விழுக்காட்டைவிட நிழலில் இழப்பது அதிகம்.

ஐந்தாம் வாக்கியம்: "படகின் மோட்டாரையும் ஓட்டலாம்"

இதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். வள்ளங்களில் மாட்டும் 9.9 குதிரைத்திறன் எந்திரம் 7 கிலோவாட்டுக்கும் மேல். சிறு தோணியைத் தள்ளும் 12 வோல்ட் மின்மோட்டார்கூட முழு வேகத்தில் 50 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒரு மணி நேரம் ஓட்ட நம் பலகை இரண்டு நாளுக்கு மேல் உழைக்க வேண்டும்.

சூரிய ஒளியில் படகே ஓடாது என்று இதற்குப் பொருளன்று. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017-இல் 'ஆதித்யா' என்ற பயணிகள் படகு ஓடத் தொடங்கியது. 75 பேர் ஏறலாம். அதன் கூரை முழுவதும் பரப்பிய பலகைகளின் திறன் 20 கிலோவாட். அதாவது நம் கைப்பலகையைப்போல் இருநூறு. மிதவைப் பொறியாளர் செய்ததையே அங்கும் செய்தார்கள்: பயணத்துக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினார்கள்.

எழுதாமல் விட்டவை

ஒரு நூலில் எழுதியதை மட்டுமன்றி எழுதாமல் விட்டதையும் பார்ப்பது விமர்சகரின் கடமை. காரீய-அமிலப் பேட்டரி நிரம்பும் தறுவாயில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றக்கூடியது. மழைக்குப் பயந்து பேட்டரிப் பெட்டியை இறுக மூடி, அதனருகே எரிபொருள் கேனையும் வைப்பது பெருந்தவறு. பலகையைக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் நேராகப் பேட்டரியில் மாட்டுவோரும் உண்டு. சுமையில்லாத நிலையில் 22 வோல்ட் வரை காட்டும் பலகை, நிரம்பிய பேட்டரியை மேலும் மேலும் கொதிக்க வைக்கும். பேட்டரியின் முனைக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். கம்பியில் உராய்வு ஏற்பட்டு இரண்டும் தொட்டுக்கொண்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரவல்லது பேட்டரி.

லாரியிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியை வாங்கி வள்ளத்தில் வைக்கும் வழக்கமும் இருக்கிறது. எந்திரத்தைக் கிளப்ப ஒரு கணம் பேராற்றல் தருவதற்கென்று மெல்லிய தகடுகளால் ஆனது அது. இரவு முழுதும் சிறிது சிறிதாக எடுத்துப் பாதிவரை இறக்குவதை அது தாங்காது. அதற்கெனத் தடித்த தகடுகளோ குழாய்த் தகடுகளோ கொண்ட பேட்டரிகள் உள்ளன. இதையும் பிரசுரம் சொல்வதில்லை.

முடிவாக

என் தீர்ப்பு இதுதான். பலகை நல்லது; பிரசுரம் மோசமானது. ஓசையின்றி, எண்ணெயின்றி, அசையும் உறுப்பு ஒன்றுமின்றி, நாள்தோறும் 20 ஆம்பியர்-மணியைக் கொண்டுவந்து தரும் ஒரு பொருளை ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் நூறு வாட் பலகை, நிரம்பிய பேட்டரியை வாடாமல் காக்கவல்லது. வெறுமையான பேட்டரியை ஒரே பகலில் உயிர்ப்பிக்கவல்லதன்று. ஒரு வள்ளத்தின் முழு இரவுச் செலவை அது தனியே தாங்க வேண்டுமானால் இரண்டு பலகைகள் தேவை. மழைக்காலத்தில் அப்போதும் கரையில் ஒருமுறை மின்னேற்றிக்கொள்வதே நல்லது.

வாங்கும் முன் செய்ய வேண்டியது: படகில் உள்ள ஒவ்வொரு கருவியும் எத்தனை ஆம்பியர், எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். பலகையில் போட்டிருக்கும் வாட்டைப் பாராமல், அதன் மின்னோட்டத்தைப் பாருங்கள். அதை 5-ஆல் அன்றி 4-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். வாங்கிய பின் செய்ய வேண்டியது: விளக்கை நம்பாமல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரை நம்புங்கள். சில மணி நேரம் ஓய்வாக இருந்த பேட்டரியின் முனைகளில் 12.7 வோல்ட் இருந்தால் நிறைவு; 12.2 இருந்தால் பாதி, 11.9 என்றால் ஏறக்குறைய வெறுமை. கடலுக்குப் புறப்படும் முன் இந்த அளவைப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. பலர் திரும்பவும் இல்லை. அதன் பின்னர், 2019-இல், செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையைப் பெற்றுக் கைபேசிக்கு அனுப்பும் 'ஜெமினி' என்ற கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. எச்சரிக்கை வானத்திலிருந்து வந்தாலும், அதைக் கேட்கும் கருவிக்கும் காட்டும் கைபேசிக்கும் மின்சாரம் படகிலிருந்துதான் வர வேண்டும். வள்ளத்தில் உள்ள பேட்டரி வெறும் வசதிப் பொருளன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

என் மாணவர் இப்போது தம் ஊரில் பத்துப் பன்னிரண்டு வள்ளங்களின் பேட்டரிகளை வாரந்தோறும் அளந்து ஒரு நோட்டில் குறித்துவருகிறார். அவர் எந்தப் பிரசுரத்தையும் நம்புவதில்லை. என்னையும் அப்படியே நம்பிவிடுவதில்லை. கரும்பலகையில் நான் ஒரு கணக்குப் போட்டால், "சார், இது எத்தனை பாகை வெயில்ல?" என்று கேட்கிறார். அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும், அன்று நான் அவசரமாக எழுதிய அந்த 12 மணிக் கணக்கு எனக்கு நினைவுக்கு வருகிறது.